பதினோரு மணிப் புத்தகம்

"இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துல சத்தமே வர்றதில்ல! பிள்ளைங்க கத்தணும், வாத்தியார் அதுக்கு மேல கத்தணும், அதுதான் படிப்பு. வாயைப் பொத்திக்கிட்டு உக்கார்றதுக்குப் பேரு பாடமாம்!"

"ஐயா, கொஞ்சம் மெதுவா..." உதட்டில் விரலை வைத்தபடி வெளியே வந்த தலைமையாசிரியை, வகுப்புக் கதவைச் சாத்தினார். "இது வாசிப்பு நேரம்."

காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருஷம் ஏலம் விட்ட தொண்டை அது. மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது.

"மெதுவாத்தானே பேசுறேன்! நான் இங்க பெருக்குற அம்மாவோட வீட்டுக்காரன். வேலையை விட்டு வீட்டோட உக்காந்து ஆறு மாசம் ஆகுது. அன்னையிலேருந்து பாக்கிறேன், பத்து மணிக்கு வேலை முடிஞ்சவ வீடு வந்து சேர பதினொன்றரை ஆகுது. எங்கடி போனேன்னு கேட்டா, 'எல்லாரும் புத்தகம் படிச்சோம்'ங்கிறா. அவளை யாரு படிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல ஐயா. பதினோரு மணிக்கு மணி அடிச்சா, பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கிறவங்க எல்லாரும் ஆளுக்கொரு புத்தகத்தோட இருபது நிமிஷம் உக்காரணும். யாரும் யார்கிட்டயும் பேசக் கூடாது, நான் உட்பட. உங்க வீட்டம்மா அதுக்காகவே காத்திருந்து வந்து உக்கார்றாங்க."

ஏலக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கடைசி பெஞ்சில், எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் அவர் மனைவி. மடியில் விரித்த புத்தகம். முகத்தில் லேசான சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அவர் வீட்டில் பார்த்து வெகு நாளாகிறது.

"பாருங்க, பாருங்க! கத்தரிக்காய் ஏலத்துல ஒரு மொத்த வியாபாரியை நான் மடக்கின கதையை நேத்து மூணு தடவை சொன்னேன். ஒரு தடவையாவது சிரிச்சாளா? இங்க வந்து காகிதத்தைப் பாத்துச் சிரிக்கிறா. என் கதையில இல்லாதது அதுல அப்படி என்ன இருக்கு?"

தலைமையாசிரியை பதில் சொல்ல வாய் திறந்தார். ஏலக்காரர் விடவில்லை.

"டீச்சர், நாங்க ரெண்டு பேரும் கைநாட்டு. எந்தக் காகிதம் வந்தாலும் ரெண்டு பேருக்கும் பெருவிரல்தான். நாப்பது வருஷமா அதுல உசத்தி, தாழ்த்தி கிடையாது. இப்ப அவ மட்டும் எழுத்தைக் கத்துக்கிட்டா என்னை ஒரு மனுஷனா மதிப்பாளா? இப்பவே நான் பத்து வார்த்தை பேசினா அவ ஒண்ணு பேசுறதில்ல. எல்லாம் படிச்ச திமிரு!"

"அவங்களுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது ஐயா."

"சும்மா சொல்லாதீங்க!"

"ஆறு மாசமா அதே புத்தகம். அதே பக்கம். நானே கத்துக்குடுக்கிறேன்னு கூப்பிட்டேன், வேண்டாம்னுட்டாங்க."

ஏலக்காரரின் முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன்! என்னை மிஞ்சிடுவாளா அவ? ஆமா, அப்புறம் எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கா? நான் அங்க பேச ஆளில்லாம சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தலைமையாசிரியை தயங்கினார்.

"நானும் கேட்டேன் ஐயா. 'ஒரு நாளைக்கு இந்த இருபது நிமிஷம்தான் டீச்சர் என் காதுக்கு லீவு'ன்னாங்க."

ஏலக்காரர் விருட்டென்று திரும்பி நடந்தார். "இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு? நான் அப்படி என்ன பேசிட்டேன்?" என்று ஆரம்பித்தவர், பள்ளிக்கூட கேட்டைத் தாண்டித் தெருமுனை திரும்பும் வரைக்கும் நிறுத்தவே இல்லை.