கொடியில் காயும் ஊர்

நூறு பேருக்குக் குறைந்தால் அந்த ஊருக்குப் பஸ் கிடையாது என்று உத்தரவு. தலையெண்ண வந்த எபனேசர், எல்லா வீடும் பூட்டிக் கிடந்ததால், துறையின் வழக்கப்படி கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்து ஆட்களை எழுதிக்கொண்டார். மக்கள்தொகை திருப்திகரமாக இருந்தது. கடைசி வீட்டின் பின்னால் சொர்ணத்தாய் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எங்கம்மா?"

"காட்டு வேலைக்கு."

"எல்லார் வீட்டு வேட்டியிலும் ஒரே நீலமா இருக்கே?"

அவள் கையை உதறினாள். "ஊர்ல நான் ஒருத்திதான் சார். எல்லாம் விட்டுட்டுப் போன துணி. பஸ் நின்னா சக்கரை ஊசிக்கு நடந்தா போவேன்? எழுதுனதை அழிச்சிராதீங்க."

எபனேசர் அழிக்கவில்லை. "கணக்குக் காட்டத்தானே? சும்மா நனைச்சுப் போட்டாப் போதாதா? இந்த அடி அடிக்கிறீங்க!"

"மொதல்ல அப்படித்தான் போட்டேன். இப்பல்லாம் சாயங்காலம் மடிச்சு அவங்கவங்க வாசல்ல வச்சா, விடியும்போது அழுக்காக் கெடக்கு."

அடுத்து ஒரு பள்ளிக்கூடச் சட்டையை எடுத்தாள். நனைப்பதற்கு முன் அதன் பைக்குள் கைவிட்டு, பாதி கடித்த கொய்யாக்காயை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். கடித்த இடம் இன்னும் கறுக்கவில்லை.