கிளியம்மாள் போட்ட மாலை

மைக்கில் மூன்றாவது முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கிளியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ரோஜா மாலை அவள் மடியில் கிடந்தது. எதிரே திரை விலகிய சிலை. அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தம் மனைவியைப் பார்க்க முடியாமல் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரும்புலியூரில் அவர்கள் மகன் சூர்யா படித்த பள்ளிக்கூடம் இது. அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த குமரேசன்தான் ஒற்றை ஆளாக அலைந்து அவனுக்குச் சிலை வைத்தான். குடியரசு தினத்தில் திறப்பு, முதல் மாலை பெற்றவள் கையால் என்று ஒரே பிடிவாதம். அது நடக்காதுப்பா என்று சம்பந்தம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

வீட்டுப் படத்துக்கே ஆறு வருஷமாக மாலை கிடையாது. உயிரோடு இருக்கிற பிள்ளை படத்துக்கு எவளாவது மாலை போடுவாளா என்பாள்.

எல்லையில் குண்டு வெடித்துச் செத்தவன் மூடிய பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாம் என்று கூட வந்த ராணுவத்தார் சொன்னார்கள். பெட்டியை வாங்க முந்தின நாளே கையெழுத்துப் போட மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குத் தனியாகப் போய் வந்திருந்த சம்பந்தமும் வேண்டாம் என்றார். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பெட்டி மேலிருந்த கொடியை மடித்துப் பெற்றவளிடம் கொடுத்தார்கள். முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சுடுகாட்டில் யாரும் குரல் கொடுக்கவில்லை.

கொடியை பீரோவில் அவன் சட்டைகளோடு வைத்துப் பூட்டினாள். வந்தால் எடுத்துக்கொள்வான் என்றாள்.

முகம் பார்க்காத சாவு என்ன சாவு? கருமாதிக்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. காரியம் முடிந்ததும் பங்காளிகளுக்குக் கறி ஆக்கிப் போட்டுத் துக்கத்தை முடிக்கிற வழக்கமும் அதோடு நின்றுபோனது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பைத்தியம் என்றார்கள்.

பெட்டி வந்த நாளிலிருந்து சம்பந்தம் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் தொடுவதில்லை. குன்றத்தூர் முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவைத்தார். என்ன வேண்டுதல் என்று கிளியம்மாள் ஒருநாளும் கேட்டதில்லை.

மைக்கை விட்டுவிட்டுக் குமரேசன் இறங்கி வந்தான். அவள் காலடியில் குந்தினான்.

"யம்மா, மாலை போட வாணாம். ஒரே ஒரு தபா நிமிந்து பாரும்மா, போதும்."

பார்த்தாள்.

சிற்பி கெட்டிக்காரன். இடது புருவத்தில் கிரிக்கெட் பந்து பட்ட தழும்பைக்கூட விடவில்லை.

கிளியம்மாள் எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். மாலையைச் சம்பந்தத்தின் கையில் திணித்துவிட்டுப் படியேறினாள். அவரும் பின்னாலேயே ஏறினார். அவளை விழாமல் பிடிக்க ஆள் வேண்டுமே.

இரண்டு கையாலும் அந்த முகத்தைத் தடவினாள். நெற்றி, தழும்பு, மூக்கு, காது மடல், தாடை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தேய்ப்பதைப் போல அழுத்தித் தேய்த்தாள். சிறப்பு விருந்தினராக வந்த கர்னல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கையை எடுக்காமலே கணவர் பக்கம் திரும்பினாள். குரல் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"மீனம்பாக்கத்துல நீ தொறந்து பாத்தேன்னு எனக்குத் தெரியும்யா. புள்ள மூஞ்சி இப்டியேதானே இருந்திச்சி?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக ஆறு வருஷம் நினைத்திருந்தார் சம்பந்தம். அன்று அவர்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ராணுவத்தாரும் மனசு கேட்காமல் மூடியைத் தூக்கிக் காட்டினார்கள். நெற்றி, மூக்கு, தாடை என்று சொல்ல உள்ளே எதுவும் இல்லை.

"இப்டியேதான் இருந்தான்" என்றார்.

கிளியம்மாள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாலையை வாங்கிச் சிலையின் கழுத்தில் போட்டாள். கூட்டம் கைதட்டியது. கர்னல் தொப்பியை மாட்டிக்கொண்டு சல்யூட் அடித்தார். குமரேசன் குழந்தை மாதிரி அழுதான்.

படியிறங்கும்போது சம்பந்தம் ஒரு படியைத் தவறவிட்டார். அவளே பிடித்து இறக்கினாள்.

"பங்காளிங்களுக்குச் சொல்லி அனுப்பு, கறி ஆக்கிப் போட்டுடலாம்" என்றாள். "உனக்குத் தனியா ரசம் வெச்சிடறேன்."