மணி அடித்தால் திறக்கும் பெட்டி

ஒரு காருக்குள் இரண்டு மூளைகள் வேலை பார்த்தன. ஒன்று சாலையைப் பார்க்கும். மற்றது பிரேக் போடும். நடுவில் ஒரு பெட்டி. பார்க்கும் மூளை இந்தப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் சேதி போடலாம். பிரேக் மூளை இருக்கும் அந்தப் பக்கம், குறித்த நேரத்துக்கு ஒருமுறை மணி அடித்தால்தான் திறக்கும்.

ஒரு மத்தியானம் நாய்க்குட்டி ஒன்று குறுக்கே ஓடி வந்தது. பார்க்கும் மூளை பதறிப்போய் “நாய்க்குட்டி” என்று எழுதிப் போட்டது.

“அண்ணே, உடனே திறங்க!”

“மணி அடிக்கட்டும் தம்பி,” என்றது பெட்டி.

“அதுக்குள்ள செத்துப்போயிடும்ணே!”

“முன்னாடி ஆளாளுக்கு நினைச்ச நேரத்துல கத்தி, வண்டி நடுரோட்டுல திணறினது மறந்துபோச்சா? அதுக்குத்தானே இந்த முறை வச்சது?”

பிரேக் மூளையிடம் இருந்தது பழைய சேதி: “பாதை காலி.” அது நிம்மதியாக இருந்தது.

மணி அடித்தது. பெட்டி இம்மியும் பிசகாமல் திறந்தது. படித்த கணமே பிரேக் மூளை அழுத்தியது. கார் கிறீச்சிட்டு நின்றது.

“நிறுத்திட்டேன் பாத்தீங்களா?” என்றது பிரேக் மூளை பெருமையாக.

“நான் ஏறி இறங்கினப்புறம்,” என்றது சக்கரம்.

“நான் நேரம் தவறல,” என்று பெட்டி முனகியது.

பார்க்கும் மூளை மறுபடி சாலையைப் பார்த்தது. பார்த்ததை எழுதித்தான் ஆகவேண்டும். “பாதை காலி” என்று எழுதிப் போட்டுவிட்டு, அடுத்த மணிக்காகக் காத்திருந்தது.