வாரத்துக்கு நான்கு பக்கம்

லோகநாயகியின் கணவர் சுப்பிரமணியன், சிதம்பரத்து நூலகத்தில் கடைசியாக எடுத்தது ஓர் ஆஸ்திரேலியப் பேய்க்கதைப் புத்தகம். பாதியில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்தவர், 2007 மார்கழியில் காலமானார். அவள் அதைத் திருப்பித் தரவில்லை. மாதாமாதம் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து தவணையை நீட்டித்துக்கொண்டாள்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. வீட்டில் வேறு ஆளும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்வந்து பார்த்தால், டிக்கெட் நான்கு பக்கம் தள்ளி இருக்கும்.

ஆடியில் அது கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமையே நூலகர் ராபர்ட் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, இதே மாதிரி இன்னொன்னு குடு.”

“யாருக்குக்கா?”

“அவுருக்குத்தான். பேய்க்கதன்னா சோறு தண்ணி வேணாமே அவுருக்கு!”

ராபர்ட் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த நூலகருக்குக் கடவுள் நல்லது செய்யட்டும், அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஆஸ்திரேலியப் பேய்க்கதைகளிலேயே தடித்த புத்தகமாகத் தேடி எடுத்து, சுப்பிரமணியன் பெயரிலேயே பதிந்து தந்தார்.

“எத்தினி பக்கம் தம்பி?”

“அறுநூத்திப் பத்துக்கா.”

பஸ்ஸில் அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். மூன்று வருஷம் வரும். புத்தகத்தை அணைத்துக்கொண்டு, ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டு, இந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.