பிரிய மனமில்லாத பருந்து

ஸ்தனிஸ்லாஸ் வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டுப் போட்டிருந்தார். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அதை நீட்டியே வைத்திருந்தார்.

"கோவத்துல கொத்திப்புடுச்சுங்க டாக்டர். 'என்னைய எதுக்குக் கொண்டுபோய் விட்டே'ன்னு கோவம். நம்ம ஊட்டுப் புள்ளைங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குமில்ல, அந்த மாதிரி."

கூண்டுக்குள் இருந்த கரும்பருந்து கம்பிவலையில் மோதி விழுந்தது. எழுந்து மறுபடியும் மோதியது.

கால்நடை டாக்டர் ஆஸ்மா அதைப் பார்ப்பதற்காகவே சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்திருந்தார். 'இது இனிமேல் காட்டில் பிழைக்காது' என்று அவர் சொல்லிவிட்டால், பருந்துக்கு ஆயுள் முழுக்க இந்தக் கூண்டுதான். அவர் சொல்வதற்கு முன்பே, விடுதி வாசலில் இருந்த அந்தக் கூண்டின் மேல் 'பாசப் பறவை' என்று போர்டு மாட்டியிருந்தார் விடுதியின் முதலாளியான ஸ்தனிஸ்லாஸ்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் டாக்டர்.

ஸ்தனிஸ்லாஸுக்கு அதைவிட இனிப்பான வேலை கிடையாது. கரண்ட் கம்பியில் அடிபட்டு, இடது இறக்கை எலும்பு ஒடிந்து ரோட்டோரம் கிடந்த பருந்தைத் தூக்கி வந்தாராம். கையாலேயே கறி ஊட்டினாராம். ஒரு நாள்கூட அது அவரைக் கொத்தியதில்லையாம்.

"கட்டுப் போட்டது வேற ஆளுங்க. ஆனா எலும்பு ஒட்டுனது என்னோட பாசத்துலதான்."

போன மாதம் அது நன்றாகப் பறக்க ஆரம்பித்ததும், விடுதிக்கு வந்தவர்கள் கைதட்ட, செல்போன்களில் வீடியோ ஓட, பக்கத்து மலைக்கிராமமான வாழவந்தியில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலையில் பருந்து கூண்டுக்குள் இருந்தது. செம்மநத்தத்தில் விட்டார், அங்கிருந்தும் வந்துவிட்டது.

முந்தாநாள் மலையை விட்டே இறங்கி, குப்பனூரில் விட்டார். கார் வளைந்து வளைந்து மேலே ஏறி வருவதற்குள், பருந்து முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது.

"எப்புடின்னுதான் புரியல டாக்டர். அதுக்கு வழி சொன்னது யாரு? கார்ல போறப்ப அதும்மேல துணி போட்டு மூடித்தான் கொண்டு போனேன்."

"கூண்டுக்குள்ள அதுவாவா போகுது?"

"அதுவாத்தானுங்க! கதவத் தொறந்து போட்டு, உள்ளார ஒரு தட்டுல கோழிக்கறி வெப்போம். வந்து உக்காந்ததும் முத்தாயி கயித்தப் புடிச்சு இழுப்பா, கதவு சாத்திக்கும்."

"நொம்பப் பாசமுங்க," என்றாள் சமையல்கார முத்தாயி. "கறி வெக்காத அன்னைக்கு மட்டும் எட்டிக்கூடப் பாக்காது."

"நீ சும்மா இரு முத்தாயி. கறிக்காக வர்றதுன்னா வழி நெடுக எத்தன கோழிக்கடை இருக்குது! அங்கெல்லாம் எறங்காம நம்ம ஊட்டுக்கு ஏன் வருது? சொல்லு பாக்கலாம்."

"நான் என்னத்தச் சொல்றது முதலாளி? மூணு தடவையும் கயித்த இழுத்தவ நானு. ஒரு தடவையாவது என்னையப் பாசமாப் பாத்துச்சா?"

டாக்டர் கூண்டுக்குள் நுழைந்து, துண்டை வீசிப் பருந்தை மூடினார். கண் மறைந்ததும் பறவை அடங்கிவிட்டது. கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்து வந்தார். இடது இறக்கையை விரித்து, எலும்பின் மேல் மெல்ல விரலை ஓட்டினார். சந்தேகத்தோடு மறுபடியும் ஓட்டினார்.

"வழவழன்னு இருக்குதுங்களா?" ஸ்தனிஸ்லாஸ் மீசையைத் தடவிக்கொண்டார். "ஒடைஞ்ச அடையாளமே இல்ல பாருங்க! இதெல்லாம் உங்க படிப்புல வராதுங்க டாக்டர்."

"வராதுங்க," என்றார் ஆஸ்மா. வலது இறக்கையையும் தடவிப் பார்த்தார். "ஒடைஞ்ச எலும்பு எப்புடிச் சேருதுன்னு தெரியுங்களா? ரெண்டு துண்டையும் சுத்திப் புது எலும்பு வளரும். ஒடைஞ்ச குழாய்க்குச் சிமெண்ட் பூசுன மாதிரி, அந்த எடம் பொடைச்சுக்கிட்டு நிக்கும். ஒரு மாசத்துலயெல்லாம் அது மறையாதுங்க. தடவுனா விரல்ல தட்டுப்படும்."

"இதுல தட்டுப்படுதுங்களா?"

"ரெண்டு றெக்கையிலயும் தட்டுப்படல."

"கேட்டுக்கிட்டயா முத்தாயி? டாக்டரே சொல்றாங்க! பாசத்துக்கு முன்னால மருந்தென்ன, மாத்திரையென்ன?"

டாக்டர் பருந்தைப் பிடித்தபடியே வாசலைத் தாண்டிப் புல்வெளிக்கு நடந்தார். பறவை எழும்ப வேண்டுமானால் காற்று எதிரே வர வேண்டும். அதனால் காற்று முகத்தில் அடிக்கும் பக்கமாகத் திரும்பி நின்று, துண்டை உருவினார்.

பருந்து இரண்டு முறை இறக்கையை அடித்தது. அப்படியே மேலேறி, சவுக்கு மரங்களுக்கு மேல் ஏற்கெனவே வட்டமடித்துக்கொண்டிருந்த மற்றப் பருந்துகளோடு போய்க் கலந்தது. எது எதுவென்று தெரியவில்லை.

"என்னங்க டாக்டர் இப்புடிப் பண்ணிப்புட்டீங்க! வெளிய போயி அது எப்புடிப் பொழைக்கும்?" ஸ்தனிஸ்லாஸ் கட்டுப் போட்ட விரலால் வானத்தைக் காட்டிக் கத்தினார். அடுத்த நிமிடமே அவர் முகம் தெளிந்துவிட்டது. "பரவாயில்ல, விடுங்க. தட்டு உள்ளதான் இருக்குது. சாயங்காலத்துக்குள்ள என்னையத் தேடிக்கிட்டு வந்துரும், பாருங்க."

டாக்டர் துண்டை உதறி மடித்தார்.

"நீங்க வளத்த பருந்து வாழவந்தியிலயே போயிருச்சுங்க, அதுக்கப்புறம் மாட்டுனதெல்லாம் வேற வேற பருந்து; அந்தக் கறித் தட்டை எடுத்துருங்க."