அறுபதுக்கு மேல் போகாத கார்

லாரியை முந்த வலப்பக்கம் ஏறியாயிற்று. காலை அழுத்தினாள்.

கார் கேட்கவில்லை.

இன்னும் அழுத்தினாள். ஆக்சிலரேட்டர் அடிவரை போய்விட்டது. திரையில் அறுபது என்று இருந்தது. அறுபதாகவே இருந்தது.

எதிரே பேருந்து.

இடப்பக்கம் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி, முடிவே இல்லாத நீளத்தில். பேருந்துக்காரர் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்.

பழைய பெட்ரோல் காராக இருந்திருந்தால் இவ்வளவு சின்ன இடைவெளியில் அவள் தலையை நீட்டியிருக்கவே மாட்டாள். அது ஒரு சோம்பேறி. மிதித்தால் உறுமும், யோசிக்கும், அப்புறம் மனசு வந்தால் நகரும். அதற்குத் தக்க பயத்தோடு ஓட்டினாள். இந்த மின்சாரக் கார் வந்த பிறகுதான் துணிச்சல் வந்தது. கியர் இல்லை, சத்தம் இல்லை. கால் வைத்த மாத்திரத்தில் முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டு பாயும். அந்த வீட்டில் அவள் சொன்னதை உடனே கேட்கிற ஒரே ஆள் அதுதான்.

அந்த ஆளை நம்பித்தான் ஏறினாள்.

பிரேக்கை மிதித்தாள். லாரி முன்னே நழுவியது. அதன் பின்னால் காரை எப்படி நுழைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பேருந்து உரசாத குறையாகக் கடந்து போனது.

ஓரமாக நிறுத்தினாள்.

மூலனூர் தாண்டி வெகுதூரம் வந்திருந்தாள். இருபுறமும் முருங்கைத் தோட்டம். ஆள் நடமாட்டம் இல்லை.

கார் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு திரையின் மூலையைக் கவனித்தாள். சின்னதாக ஒரு பூட்டுப் படம். பக்கத்தில் அறுபது.

பூட்டியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. கார் அவளிடம் இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தும் ஆப் கணவரிடம் இருக்கிறது. வாங்கிய அன்றே தன் போனில் போட்டுக்கொண்டார். போன வாரம் புறவழிச்சாலையில் நூறைத் தாண்டிப் போய்விட்டு, சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் வந்தாள். அவர் திட்டவில்லை. திட்டுகிற ஆளும் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். போனை எடுத்து எதையோ தடவினார், அவ்வளவுதான். தாராபுரத்துக்குள் அறுபதைத் தொட ஏது இடம்? அதனால் இன்று வரை அவளுக்குத் தெரியவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

போன் அடித்தது.

"என்ன புள்ள, சடன் பிரேக் அடிச்சிருக்கற? அந்த ரோட்டுல உனக்கென்ன சோலி?"

பிரேக் அடித்தது தெரிந்திருக்கிறது. எதனால் என்பது ஆப்பில் வராது.

பொய் சொல்ல வாயெடுத்தாள். அலுத்துப்போய்விட்டது.

"கரூருக்குப் போறனுங் மாமா. ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கறாங்க."

கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். அவர் குரலில் அக்கறை வழிந்தது.

"வேண்டாஞ் சாமி. உனக்கு நான் என்ன கொற வெச்சேன்? மெதுவா திரும்பி வந்துரு."

வைத்துவிட்டார்.

திரையில் பூட்டு ஒருமுறை மினுங்கியது. பக்கத்தில் இப்போது நாற்பது.

வீட்டுக் கதவைப் பூட்டி உள்ளே வைத்திருந்தால் கத்தலாம், உடைக்கலாம், நாலு பேர் வந்து என்ன ஏது என்று கேட்பார்கள். இதைப் போய் யாரிடம் சொல்வது? கார் வாங்கிக் கொடுத்திருக்கிறார், பத்திரமாக ஓட்டச் சொல்கிறார். கேட்கிறவர்கள் அவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

காரைத் திருப்ப வசதியாகச் சாலை காலியாகக் கிடந்தது.

கார் விற்றவர்கள் அன்று சொன்னது ஞாபகம் வந்தது. ஆப்பில் வேக வரம்பைக் குறைப்பதும் கூட்டுவதும் வண்டி நிற்கும்போது மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் மாற்ற முடியாது.

ஓடிக்கொண்டிருந்தால் இந்த நாற்பதாவது மிஞ்சும்.

சட்டென்று காரை எடுத்தாள். கரூர்ப் பக்கமே எடுத்தாள்.

நாற்பதில் போனாலும் கரூர் வரும். பதினோரு மணி காத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

லாரி எப்போதோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. வேன்கள் முந்தின. பள்ளிக்கூட ஆட்டோகூட முந்தியது. பின்னால் வந்தவர்கள் ஹாரனில் திட்டிவிட்டுப் போனார்கள். காலை அடிவரை அழுத்திப் பிடித்திருந்தாள். அதில் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். எடுக்க மனம் வரவில்லை.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் சேர்ந்துகொண்டது. ஓட்டி வந்த பெரியவர் காரை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு பெரிய கார் இப்படி ஊர்வது அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை காட்டினார். இறக்கினாள்.

"ஏனுங் அம்மணி, வண்டி ரிப்பேருங்களா? ஓரமா நிறுத்துங்க, என்னன்னு பாக்கலாம்."

நல்ல மனிதர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க," என்றாள். "நிறுத்தத்தான் முடியாது."