நூற்றுப் பன்னிரண்டரை டாலர் கட்டில்

வெர்னன் எனக்குத் தர வேண்டியது நூற்றுப் பன்னிரண்டு டாலர் ஐம்பது சென்ட்.

போன வருஷம் மெரமெக் ஆற்றங்கரைப் பூங்காவில் இதே கேபினுக்கு முழு வாடகையும் நான்தான் கட்டினேன். அவன் பங்கு பாதி. வெர்னன் என் மனைவி லோர்னாவின் தம்பி.

கேபினில் கட்டில் ஒன்றுதான். இன்னொரு ஜோடி, இழுத்து விரிக்கிற சோபாவில் படுக்க வேண்டும். சோபாவின் நடுவில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி ஓடும். சரியாக இடுப்புக்குக் கீழே.

எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. கடன் வைத்திருப்பவன் கட்டிலில் ஏறக் கூடாது. யாருக்கும் கடன் இல்லையென்றால் காசு சுண்டிப் பார்ப்போம்.

ஆகவே வெள்ளி இரவு கட்டில் எனக்கு. வருஷம் முழுக்கக் கான்கிரீட் போட்ட முதுகு. காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். இன்னும் ஓர் இரவு பாக்கி இருக்கிறது என்று நினைத்தபோதே வாயெல்லாம் சிரிப்பு.

வெளியே மர மேசையில் அடுப்பை வைத்துப் பேன்கேக் சுட்டுக்கொண்டிருந்தேன். வெர்னன் வந்தான். கன்னத்தில் சோபாவின் தையல் பதிந்திருந்தது.

"இந்தாங்க மச்சான். ஒரு சென்ட் பாக்கி இல்ல. இன்னிக்கு ராத்திரி காசு சுண்டுறோம்."

ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுச் சுருள். மேலே இருபது டாலர் நோட்டு.

"எண்ணிப் பாக்குறீங்களா?" என்றான்.

என் இரண்டு கையிலும் மாவு. தவிர, கொடுத்தவன் மூஞ்சிக்கு நேராக எண்ணினால் நன்றாகவா இருக்கும்?

"மாவுல விழுந்துடப் போகுது," என்று லோர்னா அதை எடுத்து, பாதி காலியான மார்ஷ்மெல்லோ மிட்டாய்ப் பைக்குள் போட்டாள்.

அப்போதுதான் ரக்கூன் வந்தது, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட பூனை அளவுப் பிராணி.

ஓடி வரவில்லை. சனிக்கிழமைக் கூலியை வாங்க வந்தவன் மாதிரி நடந்து வந்தது. பெஞ்சில் ஏறியது. பையை எடுத்தது. அதே நடையில் ஆற்றுக்குப் போய்ப் பாறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலச ஆரம்பித்தது. முதலில் ஒரு மார்ஷ்மெல்லோ. அப்புறம் என் சுருள். ரப்பர் பேண்டைக் கடித்துத் துப்பியது.

நான் கரண்டியைக் கீழே வைப்பதற்குள் வெர்னன் பாய்ந்துவிட்டான்.

ஆறு வருஷமாக வருகிறான், இதுவரை ஆற்றில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. தூண்டிலில் புழுவைக் கூட நான்தான் மாட்டித் தர வேண்டும். கையில் பட்டால் அலறுவான். அப்படிப்பட்டவன் ஏப்ரல் மாதத் தண்ணீரில் பூட்ஸோடு குதித்தான். இரண்டு முறை வழுக்கினான். மிதந்ததையெல்லாம் அள்ளி அள்ளிச் சட்டைக்குள் திணித்தான்.

"யாரும் வராதீங்க! ஆழம்! நானே பாத்துக்குறேன்!"

"முழங்காலளவுதான் இருக்கு, எந்திரிச்சு நில்லு!" என்றாள் அவன் மனைவி பெக்கி.

அவன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே துழாவினான். இருபது டாலர் நோட்டை ரக்கூன் ஒரு பக்கம் இழுத்தது, அவன் ஒரு பக்கம் இழுத்தான். ரக்கூன்தான் ஜெயித்தது.

எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. என் பணத்துக்காக ஒரு மனுஷன் உயிரைக் கொடுக்கிறானே!

"ஏங்க, எந்தம்பி செத்துடுவான். கல்லு மாதிரி நிக்கிறீங்களே," என்று லோர்னா என் முதுகில் ஒன்று வைத்தாள். வலிக்கிற இடத்தில்.

நான் கத்தினேன்: "விடுடா வெர்னன்! கடன் தீந்துது! ஒரு சென்ட் வேணாம்!"

உடனே கரையேறிவிட்டான். பேச்சுக்குக்கூட ஒரு மறுப்பு சொல்லவில்லை.

பல் கிடுகிடுத்தது. தும்மினான். பெண்கள் இருவரும் அவனை என் போர்வையில் சுற்றி, என் கட்டிலில் கிடத்தி, என் பேன்கேக்கை ஊட்டினார்கள். காசு சுண்டும் பேச்சே எழவில்லை. காய்ச்சல்காரனைச் சோபாவிலா போடுவது? லோர்னா எங்கள் தலையணைகளை வெளியே கொண்டுவந்து சோபாவில் வைத்தாள்.

நான் சட்டி கழுவ ஆற்றுக்குப் போனேன்.

பூட்ஸில் ஈரத்தாள் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. பச்சை எழுத்து. நான் எழுத்துக் கற்றது நாற்பத்தைந்து வயதில். விரல் வைத்துத்தான் படிப்பேன், நேரமாகும்.

பூங்கா வாசலில் உள்ள தூண்டில் கடையின் சீட்டு அது. ஒரு டப்பா மண்புழுவுக்கு இரண்டு டாலர் தள்ளுபடி.

கொஞ்சம் கீழே, வேர்களுக்கு நடுவில், அதே மாதிரி ஏழெட்டு, சுருட்டிய வளைவு இன்னும் போகாமல், மிதந்துகொண்டிருந்தன.

யாரிடமும் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் தீர்ந்தது என்று வாயால் சொன்னவன் நான். சொன்னது சொன்னதுதான்.

வாசல் வரை நடந்தேன். கடைக்காரி ஈரச் சீட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, இரண்டு டாலரைக் கழித்துக்கொண்டாள்.

"மீன் பிடிக்கவா?"

"இல்லம்மா. மச்சானுக்கு ஒடம்பு சரியில்ல."

அன்று ராத்திரி வெர்னன், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, பிக்கப் வண்டிக்குள் தூங்கினான். சோபாவுக்குக்கூட வர மாட்டேன் என்றுவிட்டான்.

நான் கட்டிலில் ஏறுமுன் போர்வையை உதறிப் புழுக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். பன்னிரண்டு இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருந்தது.

இன்னொன்று அவனோடு போயிருக்கும். போகட்டும். அதைத் திருப்பிக் கேட்டு நச்சரிக்கிற ஆள் இல்லை நான்.